ஆமென் சொன்ன பச்சை மாவு

சிஸ்டர் சகாயராணி ஸ்டெர்லினுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். தாராவிக் கோயிலின் மறைக்கல்விப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்குட்டி பிஸ்கட் செய்யலாம். ஆனால் பச்சை மாவு ஒருத்தர் வாயிலும் போகக் கூடாது. போனால் அன்றோடு வகுப்பு மூடல். போன வருடம் மாவை நக்கிய இரண்டு பிள்ளைகள், பாலன் பிறப்பைக் குளுக்கோஸ் பாட்டிலோடு கொண்டாடியிருந்தார்கள்.

வகுப்பைக் கேட்டு வாங்கியவன் ஸ்டெர்லின்தான். காலேஜில் படிக்கிறவன் பேச்சுக்குப் பிள்ளைகள் கட்டுப்படும் என்று கோயிலின் பங்கு மக்களில் அவனைத் தவிர யாரும் நம்பவில்லை.

"மைதா பாக்க வெள்ளையாத்தான் இருக்கும். ஆனா அது பச்சை. கோதுமையில வயல்லயே ஒட்டுன கிருமி மில்லுல அரைச்சாச் சாவாது. ஓவன்ல வெந்தாத்தான் சாவும்" என்று விளக்கினான்.

"அப்ப பிஸ்கட்ல வெந்த கிருமி இருக்குமாண்ணே?" என்று கேட்டான் ஏஞ்சலோ. வயது ஐந்து.

ஸ்டெர்லின் விஞ்ஞானத்தைக் கைவிட்டான். இந்தப் பிள்ளைகள் வீட்டில் பழகிய சட்டம் ஒன்று இருந்தது. "செபம் சொல்லாம யாரும் எதையும் வாயில வைக்கப்படாது, என்ன?"

எல்லாத் தலைகளும் ஆடின. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியபடி ஓவனைச் சூடாக்கத் திரும்பினான்.

பின்னால் சத்தம் அடங்கியது. பிள்ளைகள் அடங்கினால் பயப்பட வேண்டும் என்பது எந்த செமஸ்டரிலும் வரவில்லை.

ஏஞ்சலோ கண்ணை மூடி, சிலுவை போட்டு, உணவுக்கு முன் செபத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். மற்றவர்கள் "ஆமென்" என்றார்கள். ஸ்டெர்லின் திரும்பியபோது, தட்டில் வேகக் காத்திருந்த மாவு ஆட்டுக்குட்டிகளுக்குத் தலை இல்லை.

"அரே, துப்புங்கலே."

பாதிப் பேர் துப்பினார்கள். மீதிப் பேருக்குத் துப்ப ஒன்றும் மிச்சமில்லை. எல்லோரையும் குழாயடியில் நிறுத்திக் கையையும் வாயையும் சோப்பும் தண்ணீருமாகக் கழுவ வைத்தான். சிஸ்டரிடம் மறைத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நாளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் யாரிடம் விசாரிப்பார் என்று அடுத்த யோசனை வந்தது. போய்ச் சொன்னான். அம்மாக்களுக்கு நீயே போன் போடு என்றார் சிஸ்டர்.

முதல் போன் ஏஞ்சலோவின் அம்மா விஜயராணிக்கு.

"ஏஞ்சலோ செபம் சொல்லிட்டுப் பச்சை மாவு தின்னுட்டான்க்கா. காய்ச்சலோ லூஸ் மோஷனோ வந்தா உடனே டாக்டர்ட்ட கொண்டு போங்க. மாவு தின்ன விஷயத்தையும் சொல்லிருங்க."

"செபம் அவனா சொன்னான்?"

"ஆமாக்கா."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"வீட்டுல பாதியிலயே சோத்துல கைய வச்சிருவான்." விஜயராணியின் குரல் தழுதழுத்தது. "அடுத்த வாரமும் கிளாஸ் உண்டும்லா?"

ஸ்டெர்லின் சிஸ்டரைப் பார்த்தான். அவர் இன்னொரு போனில் பேக்கரிக்காரரிடம் பிஸ்கட் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.