டியூபாக்காரர் நாற்காலிக்கு அடியில்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேண்டுமானால் என் தங்கை புருஷன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். பெரிய தலை, தாங்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் ஒரு தரகு வேலை பார்க்கிறேன். காசு வாங்குவதில்லை. ஆசைப்பட்டு ஒரு வாத்தியத்தை வாங்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரோ என்று போர்வைக்குள் புகுந்துகொண்டு ஊதுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஆள் கிடைக்காமல் காலி நாற்காலிகளோடு தவிக்கும் பேண்டுகளும் உண்டு. இந்த ஆளை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைப்பதுதான் என் தரகு. எப்படி வாசிப்பார் என்று மட்டும் கேட்க மாட்டேன். கேட்டால் ஒரு ஜோடியும் சேராது.

அப்படித்தான் மாப்பிள்ளையையும் சேர்த்துவிட்டேன். தங்கை புருஷனை அப்படித்தான் கூப்பிடுவேன். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். அவர் ஊதுவது டியூபா. மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊத வேண்டிய பித்தளைப் பூதம். அதன் வாய்க்குள் ஒரு கைக்குழந்தையைத் தூங்கவைக்கலாம். வீட்டில் ஒரு தடவை ஊதியதில் ஜன்னல் தெருவுக்குப் போய்விட்டது. கண்ணாடியைச் சொல்லவில்லை, ஜன்னலையே சொல்கிறேன்.

பேண்டு வாரம் ஒரு சாயங்காலம் மரக்கடையின் பின்பக்கக் கிடங்கில் கூடும். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். "தினமும் ரெண்டு வேளை தேய்க்கறேன் டாக்டர்" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவர் மனித குலத்தையே நம்புவதை விட்டுவிட்டவர்.

ஒரு நாள் பாட்டை நடுவில் நிறுத்தினார்.

"இங்க யாரோ ஊதற மாதிரி நடிக்கறாங்க. வாய் இத்தனை இருக்கு, சத்தம் இத்துனூண்டு வருது."

எல்லாரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். ஒருவரும் தன் நாற்காலியைப் பார்க்கவில்லை.

"ஊதினா குழாய்க்குள்ள மூச்சு தண்ணியா சேரும். கீழ சொட்டித்தான் ஆகணும். அடுத்த வாரம் டார்ச் அடிச்சுப் பாப்பேன். எவர் நாற்காலிக்கு அடியில காஞ்சு கிடக்கோ, அவர் வீட்டுக்குப் போகலாம்."

மாப்பிள்ளைக்குப் பின்னால்தான் நான் எப்போதும் நிற்பேன். அங்கே ஒரு சொட்டு ஈரத்தைக்கூடப் பார்த்ததில்லை. மறுநாள் காலை பஞ்சர் கடைக்கே போய்விட்டேன்.

"மாப்ளே, மனசத் தொட்டுச் சொல்லுங்க. நெஜமா ஊதறீங்களா, கன்னத்தை மட்டும் உப்பறீங்களா?"

"மச்சான், நீங்களே சந்தேகப்படறீங்களா?"

"சந்தேகம் இல்ல. சும்மா கேக்கறேன்."

அவர் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்தார். "நாள் பூரா டயரோடதான் பேசிட்டிருக்கேன். வாரத்துல ஒரு நாள் அந்த நாற்காலி. அதுவும் போச்சுன்னா எனக்கு வேற எங்க இருக்கு?"

சாப்பாடு கொண்டுவந்த தங்கை அதைக் கேட்டுவிட்டாள். "அண்ணே, நீ சேத்துவிட்ட இடம். அவரை அங்க இருந்து தொரத்தினாங்கன்னா, அந்த அண்டாவை உன் வீட்டு ஹால்ல எறக்கிருவேன். அங்கயே ஊதட்டும்."

என் வீட்டில் இருப்பது இரண்டே ஜன்னல்.

அடுத்த வாரம் எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில். கிளாரினெட் வாசிக்கும் பேங்க் கேஷியரம்மா மடியில் மூன்று.

"என்னம்மா இவ்வளவு தண்ணி?"

"தொண்டை வறளுது சார்."

"மூணு பாட்டில் அளவுக்கா?"

"நீங்க உங்க மாப்ளையப் பாருங்க சார்."

முதல் பாட்டு முடிவதற்குள் கிடங்கில் கணுக்கால் அளவு தண்ணீர். டிரம்பெட் ஊதும் பெயிண்டரின் செருப்பு மிதந்து வாசல்வரை போனது. டாக்டர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக டார்ச் அடித்தார். மாப்பிள்ளையின் நாற்காலிக்கு அடியில் மட்டும் தரை சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீரும் அவரைச் சந்தேகப்பட்டு ஒதுங்கிப் போயிருந்தது.

"எந்திரிங்க."

"டாக்டர், நான் ஊதினேன்."

"தினமும் பல் தேய்க்கறேன்னும் சொல்லுவீங்க."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் கேஷியரம்மா. "முழியே சரியில்ல."

மாப்பிள்ளை டியூபாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். வாசற்படிக்கு வெளியே நின்று தோளில் கிடந்த துண்டைப் பிழிந்தார். ஒரு வாளி நிறைந்திருக்கும். தங்கை துடைத்த தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் வீடு ரெண்டாகும். மனுஷன் அந்தப் பயத்தில் எங்கே ஊதினாலும் தண்ணீரைத் துண்டில் வாங்கிப் பழகியிருக்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த பாட்டுக்குக் குச்சியைத் தூக்கிவிட்டார்.

கன்னங்கள் உப்பின. விரல்கள் ஓடின. பெயிண்டர் கழுத்தில் நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஒருவரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மாட்டிக்கொள்வோமே! டாக்டர் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். மரக்கடை ஆசாரி கதவு வழியாகத் தலையை நீட்டி, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. பக்கத்து ஆள் ஊதுகிறார் என்ற தைரியத்தில் அத்தனை பேரும் இத்தனை நாளும் சும்மா இருந்திருக்கிறார்கள். ஊதியவர் ஒருவர்தான். லாரி டயரை வாயாலேயே நிரப்பக்கூடிய அந்த மூச்சு டியூபாவில் கிளம்பி, மற்ற வாத்தியங்களுக்குள் புகுந்து, கிளாரினெட்டில் கிளாரினெட்டாகவும் டிரம்பெட்டில் டிரம்பெட்டாகவும் வெளியே வந்திருக்கிறது. பௌதிகம் படித்தவர்கள் இதில் குறை சொல்லலாம். அவர்கள் அன்று அங்கே இல்லை.

டாக்டர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில், "அண்டாவுக்கெல்லாம் எடம் இல்ல" என்று கண்டக்டர் மாப்பிள்ளையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சுட்டேன்," என்று டாக்டர் அவர் கையைப் பிடித்தார். "உள்ள வாங்க."

"என் நாற்காலி?"

"உங்களுதுதான். வேற யாரும் அதுல உக்கார மாட்டாங்க."

"மத்தவங்க?"

"இருந்துட்டுப் போகட்டும். அவங்க இல்லன்னா பாக்கறதுக்கு பேண்டு மாதிரி இருக்காது."

மாப்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல அந்த டார்ச்சைக் குடுங்க."

டாக்டர் கொடுத்தார். மாப்பிள்ளை அதை டியூபாவின் வாய்க்குள் போட்டுக்கொண்டு கிடங்குக்குத் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாற்காலி அவருடையது.

ஒன்றே ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: இந்த பேண்டு இன்னும் தொடங்கப்படவில்லை; சேர்வதாக இதுவரை சொல்லியிருப்பவர் மாப்பிள்ளை ஒருவர்தான்.