தியேட்டர்: நூற்றைம்பது சொற்களுக்குள் ஒரு குறிப்பு

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை தேடிப் போகவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான சொல் கையேடுகளுக்குக் குறிப்பு எழுதித் தருவது என் பிழைப்பு. போன வாரம் கையேட்டின் ஆசிரியை ‘தியேட்டர்’ என்ற சொல்லை என் தலையில் கட்டினார். நூற்றைம்பது சொற்கள், பொருள், பிறப்பு, ஓர் எடுத்துக்காட்டு. செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும்.

சினிமா தியேட்டரை எல்லோருக்கும் தெரியும். நாடகத் தியேட்டரைச் சிலருக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் தியேட்டரைப் பற்றியும் ஒரு வரி இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஞாயிற்றுக்கிழமை என் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவள் பத்தொன்பது வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அந்த ஃபோனை மட்டும் போடாமல் இருந்திருந்தால் இந்நேரம் குறிப்பை முடித்துவிட்டு நிம்மதியாக

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. கிடக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: ‘அந்த அறையில் கடிகாரத்தின் சத்தம் மட்டுமே கேட்டது.’ அடித்துவிட்டேன். சுத்தப் பொய். ஆபரேஷன் தியேட்டரில் பாட்டு ஓடுமாம். பாட்டு இல்லாவிட்டால் பெரிய டாக்டருக்குக் கை ஓடாதாம்.

இரண்டாவது தொடக்கம்: ‘தியேட்டர் என்ற சொல், பார்ப்பதற்கான இடம் என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.’ இது கையேட்டுக்குப் போக வேண்டியது. ஆனாலும் இதை விட எனக்கு மனசில்லை. ஏனென்றால் அந்தச் சொல் முதலில் மேடையைக் குறிக்கவில்லை. மலைச்சரிவில் ஜனங்கள் உட்கார்ந்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர். நடிகர்கள் வேஷம் மாற்றிய குடிசைக்கு வேறு சொல் இருந்தது. நம்முடைய ‘அரங்கு’ ஆடுகிறவனை முதலில் நினைக்கிறது. அவர்களுடைய சொல் வேடிக்கை பார்க்கிறவனை முதலில் நினைக்கிறது. ஆபரேஷன் அறைக்கும் அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் படிக்கட்டு மாதிரி பலகைகள் போட்டு, மாணவர்கள் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் அறுத்தார்கள்.* பலகைகள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது.

* இதைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். “நல்லவேளை. இப்ப இருக்கற கூட்டத்துக்கே நடக்க இடமில்ல.” அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். நான் லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து, “அக்கா?” என்றேன்.

“உங்கிட்ட ஒண்ணு சொன்னா மனசுலயே வெச்சுப்பியாடா?” என்று கேட்டாள். வைத்துக்கொள்வேன் என்றேன். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் யோக்கியதை இவ்வளவுதான்.

3

மூன்றாவது தொடக்கம். இது பரவாயில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு தையல்காரம்மாவின் வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பைக் கட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வேலை எண்ணுவது. ரத்தத்தை ஒற்றுவதற்கு வெள்ளைத் துணிகள் இருக்கும். அங்கே அதற்கு மாப் என்று பெயர். ஐந்து ஐந்தாகச் சிவப்பு நூலால் கட்டி வரும். ஒரு கட்டைப் பிரிக்கும்போதே இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும், சுவரில் உள்ள பலகையில் எழுத வேண்டும். நூலைத் தூக்கி எறியக் கூடாது, கிண்ணத்தில் போட்டு வைக்க வேண்டும். வயிற்றைத் தைத்து மூடும் முன்பு துணியையும் எண்ண வேண்டும், நூலையும் எண்ண வேண்டும். இதில் அக்கா ஒரு ராட்சசி. பண்டிதர் வீட்டு மருமகள் ஆசாரம் பார்ப்பதைப் போல எண்ணிக்கை பார்ப்பாள்.

நடுவில் அவள் சாப்பிடப் போனாள். இருபது நிமிஷம். அவள் இடத்தில் நின்றவள் அவளுடைய தோழி. தியேட்டரில் எல்லோரும் அவளை ஒல்லி என்று கூப்பிடுவார்கள். திரும்பி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி எண்ண வேண்டும். அதுதான் முறை. ஆனால் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும்போதே ரத்தம் உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டு, டாக்டர் வேறொன்று கேட்டுக் கத்த, அக்கா அதற்கு ஓடிவிட்டாள். ஒல்லி போகிற போக்கில், “எல்லாம் அப்படியேதான் இருக்கு, இருபது,” என்றாள். பலகையிலும் இருபது. கடைசியில் எண்ணினார்கள். துணி சரியாக இருபது. துணி சரியாக இருந்ததால் யாரும் நூலை எண்ணவில்லை. எண்ணிக்கை சரி என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தைத்தார்கள்.

அறையைச் சுத்தம் செய்யும்போது கிண்ணத்தைக் கவிழ்த்தாள். ஐந்து சிவப்பு நூல்கள்.

நான்கு கட்டுக்கு நான்கு நூல்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது, காலையில் நடந்த ஆபரேஷனிலிருந்து கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இல்லையென்றால் ஒல்லி பலகையில் எழுதாமல் ஐந்தாவது கட்டைப் பிரித்திருக்கலாம். அப்படியானால் இருபத்தைந்து துணி. வெளியே வந்தது இருபது. மீதி ஐந்தும் உள்ளேயா? ஒன்று உள்ளே, நாலு குப்பையிலா? அப்போது அக்கா செய்த காரியம், அந்த ஐந்தாவது நூலை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

(இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். “ஏன் பையில போட்டேன்? சொல்லுடா, ஏன் போட்டேன்?” என்று என்னைக் கேட்டாள். நான் எழுதுகிறவன், மேஜைமேல் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.)

4

ஒல்லியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் பிரதியில் அவளை ஃபோனை நோண்டிக்கொண்டு நிற்பவளாக எழுதினேன். கதைக்கு வசதி. பழியைத் தூக்கி அவள் மேல் போட்டால் அக்கா தப்பித்துவிடுவாள், வாசகருக்கும் கோபப்பட ஓர் ஆள் கிடைக்கும். ஆனால் அக்கா வெள்ளிக்கிழமையே அவளைக் கேட்டுவிட்டாள்.

“நடுவுல ஏதாவது கட்டு பிரிச்சியா?”

“நானா? இல்லியே.” இரண்டடி போய்த் திரும்பி வந்து, “பிரிச்சேனாக்கா? ஏன் கேக்கற?”

“சும்மாதான்.”

அன்றிலிருந்து ஒல்லி சாப்பிடுவதில்லையாம். இருக்கிற உடம்பும் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ஃபோனை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதுதான் வேதனை. மாப்புக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்றை வைத்தே நெய்கிறார்கள். தையல்காரம்மாவை ஒரு படம் எடுத்தால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் படம் எடுக்கச் சொல்ல வேண்டுமானால், தான் கையெழுத்துப் போட்ட எண்ணிக்கை தப்பாக இருக்கலாம் என்று அக்கா பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். நூலைப் பையில் போட்டதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடம் போய்விடும். ஒல்லியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

தையல்காரம்மாவுக்கு லேசான காய்ச்சல். ஆபரேஷன் ஆனவர்களுக்கு லேசாகக் காய்வது சகஜம்தான் என்று வார்டில் சொல்கிறார்கள். நாளைக் காலை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அக்கா போய்ப் பார்த்தபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, “எப்ப சிஸ்டர் நான் மறுபடி மெஷின் மிதிக்கலாம்?”

5

முடிவுகள்.

ஒன்று. அக்கா சொல்லிவிடுகிறாள். டாக்டர் கத்துகிறார். படம் எடுக்கிறார்கள். ஒன்றுமில்லை. எல்லோரும் டீ குடிக்கிறார்கள். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

இரண்டு. சொல்லிவிடுகிறாள். படத்தில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கிறது. மறுபடி திறக்கிறார்கள். தையல்காரம்மா உயிர் பிழைக்கிறாள், அக்காவின் வேலை பிழைக்கவில்லை.

மூன்று. சொல்லவில்லை. தையல்காரம்மா வீட்டுக்குப் போகிறாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா வீதியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அவள் வயிற்றைத்தான்

நான்கு. சொல்லவில்லை.

நான்காவதை எழுதக் கை வரவில்லை. வராததற்குக் காரணம் இலக்கியம் ஒன்றுமில்லை, பயம்தான். இன்று திங்கட்கிழமை, காலை மணி பதினொன்று. இந்த நான்கையும் வரிசையாக அடுக்கி, எது அழகாக இருக்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒருத்திக்குக் காய்ச்சல் அடிக்கிறது. எனக்கு விஷயம் தெரிந்து இருபது மணி நேரம் ஆகிறது. இருபது மணி நேரத்தில் நான் செய்தது மூன்று தொடக்கம், மூன்றரை முடிவு. மலைச்சரிவில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

6

இதை எழுதும்போதே ஃபோன் அடித்தது. அக்கா.

“எழுதிட்டியா?”

“எதை?”

“என்னைத்தான். உன்னை எனக்குத் தெரியாதா? சின்னதுலயே நான் அழுதா பக்கத்துல வந்து உத்துப் பாக்கறவன்தானே நீ.”

எழுதிய காகிதங்களைக் கவிழ்த்து வைத்தேன்.

“கோவமில்லடா. நான் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடற மாதிரி எழுதியிருந்தா அதை மட்டும் படி.”

படித்தேன். ‘அக்கா கதவைத் தட்டினாள். சொன்னாள். டாக்டர் கத்தினார்.’

“அவர் கத்தமாட்டாருடா. ஆபரேஷன்லதான் கத்துவார். இதுக்கு ஒண்ணுமே பேசாம மூஞ்சியப் பாப்பார். அதுதான் எனக்குப் பயம்.”

மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“எக்ஸ்ரேல என்ன இருந்துச்சு?”

“ரெண்டு விதமாவும் எழுதி வெச்சிருக்கேன்.”

“நல்லா எழுதின போ.” மூக்கை உறிஞ்சினாள். “நான் இப்ப அவர் ரூம் வெளியதான் நிக்கறேன். காலையிலேர்ந்து மூணு தடவை வந்து திரும்பிப் போயிட்டேன். நீ ஒண்ணு பண்றியா?”

“சொல்லுக்கா.”

“ஃபோனை வெச்சுடாதே. ஒண்ணும் பேச வேணாம். பையில போட்டுக்கறேன். யாரோ கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சா, இந்தத் தடவை நான் திரும்பி வரமாட்டேன்.”

துணி உரசும் சத்தம். கதவு தட்டும் சத்தம். யாரோ, “வாங்க சிஸ்டர்,” என்றார்கள். பிறகு அக்காவின் குரல், தொலைவில், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதைப் போல:

“சார், வியாழக்கிழமை நான் போட்ட கையெழுத்து தப்பா இருக்கலாம் சார். அந்தம்மாவுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும். இன்னிக்கே எடுக்கணும்.”

அதற்குப் பிறகு அங்கே யாரும் பேசவில்லை.

7

ஃபோன் மேஜைமேல் இருக்கிறது. லைன் இன்னும் கட்டாகவில்லை. விநாடிகள் ஓடுவது திரையில் தெரிகிறது. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு, சத்தம் வராமல் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்காலி நகர்த்தும் சத்தம் ஒன்று கேட்டது; அவர் எழுந்தாரா, அக்கா உட்கார்ந்தாளா என்று தெரியவில்லை. மேலே எழுதிய முடிவுகளை எல்லாம் அடித்துவிட்டேன். உங்களிடம் கொடுக்க என்னிடம் வேறு முடிவு எதுவும் இல்லை. அவளுக்கு இப்போது வேண்டியது இந்தப் பக்கம் ஆள் இருப்பது ஒன்றுதான். எனக்குத் தனி ஒருத்தனாக இருக்கப் பயமாக இருக்கிறது. நீங்களும் கொஞ்ச நேரம் இருங்கள், வைத்துவிடாதீர்கள்.