அடிக்கோடு கடைசியில்

நான் கொத்தனார். முப்பது வருஷமாக அஸ்திவாரம் போட்ட பிறகுதான் சுவர் எழுப்புகிறேன். சீன எழுத்தையும் அப்படியேதான் கட்டினேன்.

டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் என் மனைவி, சீனாவிலிருந்து வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளில் எழுதியிருப்பதைப் படிக்கப் போனில் சீனம் கற்கிறாள். நானும் எழுதுவேன் என்று வீம்புக்கு உட்கார்ந்தேன். பெரிய கட்டத்துக்குள் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான் எழுத்து. அடிக்கோட்டில் ஆரம்பித்துப் பெரிய கட்டத்தை இம்மி பிசகாமல் முடித்துவிட்டு, உள்ளே சின்னதைப் போட்டேன். போன் சிவப்பாகப் பெருக்கல் குறி காட்டியது.

"பாக்க அப்படியேதானே இருக்கு? போனுக்கு ரொம்பத்தான் கொழுப்பு."

"வரிசை தப்புங்க. மூணு பக்கம் போட்டுட்டு உள்ள சின்னதை வைங்க. அடிக்கோட்டைக் கடைசியில போட்டு மூடுங்க."

"அஸ்திவாரத்தைக் கடைசியிலயா? எந்த மடையன் அப்படிக் கட்டுவான்?"

அவள் எங்கள் குளியலறைப் பக்கம் கைகாட்டினாள். நாலு சுவரையும் எழுப்பிய பிறகு, தண்ணீர்த் தொட்டி வாசலில் நுழையாததால் நானே ஒரு சுவரை இடித்த இடம், பூசியும் தெரிந்தது.

மூன்று பக்கம் போட்டேன். தொட்டியை உள்ளே வைத்தேன். கடைசியில் மூடினேன். பச்சை விழுந்தது. அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் வேலையிடத்தில், ஒரு குளியலறையின் கடைசிச் சுவருக்குக் கல் எடுத்த இன்னொரு கொத்தனாரை நிறுத்தினேன். "முதல்ல தொட்டி உள்ள போகட்டும்."

"இது யாருண்ணே சொல்லிக்கொடுத்தது?"

"சீனாக்காரன்" என்றேன். மனைவி என்று சொன்னால் மானம் போய்விடும்.