தம்பியின் ஹெட்செட்

ஈரத்துணியில் ஒட்டிவந்த பழுப்பைப் பார்த்ததுமே அவளுக்குக் குமட்டியது.

இத்தனைக்கும் அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க யார் யாருடைய கண்ணாடியையோ வாங்கித் துடைத்து, மூக்குப் பட்டையின் இடுக்கில் பச்சை பூத்துக் கிடக்கும் பிசுக்கை ஊசியால் நெம்பி எடுத்து, காம்பை வளைத்து அவரவர் முகத்தில் மாட்டிவிடுவதுதான் அவள் பிழைப்பு. அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. தம்பி கொண்டுவந்து கொடுத்த, கண்ணை மூடித் தலையில் மாட்டி விளையாடும் வி.ஆர். ஹெட்செட்டின் முகப் பஞ்சு வேறு மாதிரி இருந்தது. நெற்றி படும் இடம் கறுத்து, கன்னம் படும் இடத்தில் வியர்வை உப்பு கோடு கோடாகக் காய்ந்திருந்தது. எத்தனை முறை ஒற்றி எடுத்தாலும் பழுப்பு வந்துகொண்டே இருந்தது.

"சீ! இதை ஒரு நாளும் துடைக்கவே மாட்டானா இவன்?"

"உன் தம்பிதானே? உங்க வீட்டு லட்சணம்," என்று சோபாவில் காலை நீட்டியபடி கணவன் சிரித்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இறகுப்பந்து என்றால் உயிரை விடுவான். முழங்கால் ஜவ்வு கிழிந்து, இனிமேல் குதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளோடு மட்டை அலமாரிக்கு மேலே போய்விட்டது. அதிலிருந்து வேலை விட்டு வந்தால் சோபாதான். போனில் யார் யாரோ ஆடுவதைப் பார்ப்பான். சோறு கொஞ்சம் குழைந்தாலும் எரிந்து விழுவான். அதைப் பார்த்துவிட்டுத்தான் தம்பி இந்த யோசனையைச் சொன்னான்.

"மாமா, இதுல டேபிள் டென்னிஸ் இருக்கு. நின்ன இடத்துலயே ஆடலாம், முட்டிக்கு வேலையே இல்ல. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிச்சா இதையே எடுத்துக்கங்க. எப்படியும் நான் புதுசு வாங்கப் போறேன்."

முதல் நாள் கணவன் அதை மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றபோது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குக் கீழே திறந்த வாய், நாக்கு நுனி வெளியே, ஓரத்தில் எச்சில். இல்லாத பந்தை அடிக்க வீசிய வீச்சில் தொப்பை குலுங்கியது. கட்டிய புருஷனை இப்படி ஒரு கோலத்தில் பார்க்க வேண்டுமா என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அங்கிருந்தபோதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. "போட்டேன் பாரு! எடுக்க முடியல பாரு அவனால!"

முழங்கால் போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்ததே இல்லை. அவள் கையிலிருந்த கரண்டியோடு வாசலில் வந்து நின்று பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவன் வீட்டுக்கு நேரத்தோடு வந்தான். சோறு குழைந்ததா விறைத்ததா என்றுகூடக் கவனிக்காமல் சாப்பிட்டான். வாங்கிவிடலாம் என்று அவள் மனசுக்குள் முடிவாகிவிட்டது. பழசா புதுசா என்பதில்தான் இருவருக்கும் இழுபறி.

"வாங்குறதா இருந்தா கடையில புதுசா வாங்குங்க. அடுத்தவன் மூஞ்சி ஒட்டினது எனக்கு வேண்டாம்."

"அடுத்தவனா? உன் கூடப் பொறந்தவன்டி."

"யாரா இருந்தா என்ன? வேர்வை வேர்வைதானே."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி பதில் கேட்க வருவதாக இருந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கணவன் பிடிவாதம் பிடித்தான். "நீயும் ஒரு தடவை போட்டுப் பாரு. பார்க்காமயே அசிங்கம் அசிங்கம்னா எப்படி? உனக்கு உள்ள என்ன தெரியுதோ அது டிவியில எனக்கும் தெரியும். நான் சொல்லித் தர்றேன்."

பஞ்சின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினாள். எதிரே பெரிய அறை விரிந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஏரி. தலையைத் திருப்பினால் ஏரியும் கூடவே திரும்பியது. நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான். அப்போது மணி அடித்தது போல ஒரு சத்தம் கேட்டு, கண்ணுக்கு நேராக ஒரு சின்னப் பலகை வந்து நின்றது.

"என்னமோ கேக்குதுங்க."

"ஓகேவான்னு கேக்குது. அமுக்கு, அமுக்கு."

அமுக்கினாள். ஏரி போய்விட்டது. சிவப்பு விளக்கு எரியும் ஒரு கிடங்குக்குள் நின்றாள். ஏதோ துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்கும் இடம் அது; அங்கே வரச்சொல்லித்தான் அந்தப் பலகை அழைத்திருந்தது. அங்கே நின்றிருந்த உருவங்கள் அவளைப் பார்த்ததும் ஓடிவந்தன. ஒன்றுக்குப் பன்றித் தலை. ஒன்று கோட்டுப் போட்ட எலும்புக்கூடு.

"டேய், கழுகு வந்துட்டான்டா!" என்றது பன்றித் தலை. வளர்ந்த ஆண்பிள்ளைக் குரல். "எங்க தல, ஒரு வாரமா ஆளையே காணோம்?"

கழுகு என்பது தம்பி இந்த விளையாட்டுக்கு வைத்துக்கொண்ட பெயர் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் கணக்கில் இவள் உள்ளே வந்ததால், அவர்களுக்கு இவள்தான் அவன். நான் அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எலும்புக்கூடு பேசியது.

"போன தடவை நீ அழ வச்சியே ஒரு பொண்ணு, அது பேரையே மாத்திக்கிட்டு ஓடிடுச்சுடா. நீ சுவத்தோட வச்சு மடக்கினதை இவன் ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கான். தினம் போட்டுப் பார்க்குறோம்."

பன்றித் தலை குரலைக் கீச்சாக்கிக்கொண்டு, "விடுங்க, ப்ளீஸ், விடுங்க," என்று பழித்துக் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, கிடங்கின் மூலையில் நீல நிறத்தில் முயல் காது வைத்த ஓர் உருவம் வந்து இறங்கியது. பெண் குரல். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பெண்ணாக இருக்கலாம். "ஹலோ, நான் புதுசு. துப்பாக்கி எங்க எடுக்கணும்?"

"வாம்மா, வா. நாங்க இருக்கோம்ல, எல்லாம் சொல்லித் தர்றோம்."

அவர்கள் முயல் காதைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவன் பின்பக்கம் போனான். கைகள் அந்த நீல உடம்பின் மேல் ஊர்ந்தன. "ஐயோ, என்ன பண்றீங்க? தள்ளிப் போங்க," என்றது அந்தக் குரல். முதலில் அதில் பாதிச் சிரிப்பு இருந்தது. அடுத்த முறை சிரிப்பு இல்லை.

"கழுகு, என்னடா மரம் மாதிரி நிக்கிற? உனக்காகத்தான் வழி விட்டிருக்கோம். ஆரம்பி."

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். கறுப்புக் கையுறை போட்ட பெரிய கைகள், விரல் நுனியில் கொக்கி போல வளைந்த நகங்கள். விரலை மடக்கினால் அந்த விரல்கள் மடங்கின. அவளுடைய கைகளாக அவள் மணிக்கட்டிலிருந்து முளைத்திருந்தன. வெட்டி எறிய வேண்டும் போல இருந்தது.

"கழட்டும்மா!" என்று கத்தினாள். "தலையில மாட்டியிருக்கல்ல, அதைக் கழட்டு! இவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாத, கழட்டிக் கீழ வை!"

முயல் காது மறைந்தது. பன்றித் தலை அவள் பக்கம் திரும்பியது.

"யாருடா இது? பொம்பளக் குரல்."

"நான் அவன் அக்கா."

சொன்னால் கூசிப்போய் ஓடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். ஓ என்று சிரித்தார்கள். "அக்காவாம்டா! அக்கா குரலே இப்படி இருக்கேடா," என்று சொல்லிக்கொண்டே பன்றித் தலை அவள் கண் முழுக்க அடைக்கும் அளவுக்கு நெருங்கி வந்தது. அதன் கை கீழே இறங்கி, அவள் பார்வைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. தொடவில்லை. யாரும் தொடவில்லை. தன் வீட்டுக் கூடத்தில், தன் பாய் மேல்தான் நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அடிவயிற்றிலிருந்து கழுத்துவரை புழு ஊர்ந்தது. ஹெட்செட்டைப் பிய்த்து எடுத்தாள். பட்டையோடு முடியும் வந்தது.

டிவியில் இன்னும் அந்தச் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் கணவன் பிளக்கையே பிடுங்கினான்.

அவள் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள். துண்டோடு வெளியே வந்தபோது கணவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதுவோ சொல்லப் போகிறான், தன்னைத் தேற்றப் போகிறான் என்று நின்றாள்.

"புதுசா வாங்கினா நம்ம பேர்ல தனிக் கணக்கு வரும்," என்றான். "இந்தப் பசங்க நம்ம பக்கமே வர மாட்டானுங்க."

"இப்ப நீங்க யோசிக்கிறது இதைத்தானா?"

"இல்ல... நான் வெறும் டேபிள் டென்னிஸ்தானே ஆடப் போறேன்."

அவன் முழங்காலை நினைத்து அவளுக்கு முதல் தடவையாக இரக்கம் வரவில்லை.

சாயங்காலம் தம்பி மனைவியோடும் மகளோடும் வந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை. குழந்தை தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. தங்கமான பிள்ளை என்றுதான் உறவில் பேர். "என்ன மாமா, கை பழகிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே தட்டிலிருந்து பிஸ்கெட்டை எடுத்தான். அந்தக் கையைப் பார்க்க அவளுக்குக் கூசியது. பால்கனிக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்தினாள்.

"கழுகுன்னா யாருடா?"

அவன் முகம் மாறியது. வெட்கத்தால் மாறியது போலத் தெரியவில்லை. "என் கணக்குல நீ எதுக்குக்கா உள்ள போன? டேபிள் டென்னிஸ் மட்டும் பாருங்கன்னுதானே குடுத்தேன்? இனிமே அவனுங்க என்னை ஓட்டியே தீர்த்துடுவானுங்க."

"ஒரு பொண்ணை மடக்கி அழ வச்சிருக்க."

"அது பொம்மைக்கா. அங்க யாருக்கும் உடம்பே கிடையாது. பிடிக்கலன்னா கழட்டிட்டுப் போக வேண்டியதுதானே? யாரு கட்டிப் போட்டா?"

"என்கிட்டயும் வந்தானுங்கடா. நான் உன் அக்கான்னு சொன்ன பிறகு."

அவன் ஒரு நொடி தெருவைப் பார்த்தான். "சும்மா கலாய்ச்சிருப்பானுங்க. நீ பெருசா எடுத்துக்காத."

தன் கூட்டாளிகளைச் சீ என்று ஒரு சொல். அதைக்கூட அவன் சொல்லவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தம்பி மனைவி குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷன் அந்தப் பெட்டிக்குள்ள போய் என்ன பண்றான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி," என்றாள் அவள், நிமிராமல். "கதவுக்கு வெளியவே கேக்கும். சத்தமாத்தான் ஆடுவாரு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"அங்க காட்டினா இங்க காட்ட மாட்டாரு." குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பேசினாள். "அதான் பழசு கெட்டுப் போறதுக்குள்ள புதுசு வாங்கிக்கங்கன்னு நானே சொன்னேன். இந்த ஒரு வாரம் அதை உங்ககிட்ட குடுத்துட்டாரு." மேற்கொண்டு சொல்லவில்லை. முந்தானையையும் ரவிக்கையின் தோளையும் சற்று விலக்கினாள். தோள்பட்டையில் ஊதா நிறத்தில் நான்கு விரல்களும் பதிந்திருந்தன.

இங்கே கூடத்தில் கணவன் பந்து அடித்துச் சிரித்த சாயங்காலங்களில் அங்கே இது நடந்திருக்கிறது. தம்பியின் மேல் மட்டுமா அருவருப்பு? கரண்டியோடு வாசலில் நின்று ரசித்த தன் மேலும்தான்.

"ஏய், என்ன உளர்ற?" தம்பி பின்னாலிருந்து பல்லைக் கடித்தான். "எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

கணவன் எழுந்தான். முழங்கால் மடங்கி, நாற்காலியைப் பிடித்துச் சமாளித்து நின்றான். ஹெட்செட்டைப் பெட்டியில் போட்டுத் தம்பியின் மார்பில் அழுத்தினான். "இதை எடுத்துக்கிட்டு நீ போ. அவ எங்கயும் வரல."

"மாமா, இது எங்க குடும்ப விஷயம்."

"கை நீட்டி என்கிட்ட பேசாத. இறங்கு கீழ."

தம்பி எல்லோரையும் ஒரு முறை பார்த்தான். யாரும் அவன் பக்கம் பேசவில்லை. பெட்டியை இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். அப்பா எங்கே போறாங்க என்று குழந்தை கேட்டது.

அன்று தம்பி மனைவி அங்கேயே தங்கினாள். பாய் விரிக்கும்போது கணவன், "அது நம்ம வீட்டுக்கு வேண்டாம். பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம்," என்றான்.

"எனக்காகச் சொல்லாதீங்க."

"உனக்காக இல்ல. மாட்டினா அந்தத் தோள்பட்டைதான் தெரியும் எனக்கு."

மத்தியானம் அவன் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனால் தன் தலையணையை எடுத்து அவன் பக்கத்தில் போட்டாள்.

மறுநாள் தம்பி மனைவியின் அண்ணன் வந்து அவளையும் குழந்தையையும் தன்னோடு அழைத்துப் போனார். போலீஸில் எழுதிக் கொடுக்கத் தம்பி மனைவிக்கு இன்னும் துணிவு வரவில்லை. தம்பி புது ஹெட்செட் வாங்கிவிட்டான் என்று உறவினர் ஒருவர் சொன்னார். கிடங்கில் தான் பார்த்த அந்தக் கூட்டத்தைப் பற்றி அவள் விளையாட்டு நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

மாதம் ஒன்று கழித்து, கடையில் ஒருவருக்குக் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி. எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள், கை எடுத்துவிட்டது.

"சாப்டியாக்கா?" என்றான்.

அதே இதமான குரல். எந்த மாற்றமும் இல்லை. இத்தனை வருஷம் அந்த ஒரு கேள்வியில் மனசு குளிர்ந்திருக்கிறாள்.

"உன் குழந்தை சாப்பிட்டுச்சான்னு கேட்டியாடா?" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துத் தன் காதைத் துடைத்தாள்.