சுரண்டிப் பார்க்காத செதில்

பூங்காத் துறையில் அவருக்குப் பூச்சி டாக்டர் என்று பெயர். இருபத்தெட்டு வருஷமாகச் செடிகளுக்கு நோய் பார்ப்பவர். பார்ப்பதில் குறையில்லை. தான் பார்ப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான் கொஞ்சம் கூடுதல். அந்த ஆசைதான் மனிதரைக் கவிழ்த்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போயிருந்தார். மகளின் மாமியார் வீட்டு வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வேலிச்செடி வரிசை. அந்தம்மாளுக்கு மகன் பிறந்த வருஷம் அவள் வீட்டுக்காரர் நட்டது. அவர் போய்ச் சேர்ந்த ஆறு வருஷமாக அந்தம்மாள்தான் தன் கையால் கத்தரித்து வருகிறாள். இப்போது தண்டெல்லாம் பொருக்குத் தட்டினாற்போல் இருந்தது. செதில் பூச்சி. மேலே ஓட்டைப் போர்த்திக்கொண்டு, இடத்தைவிட்டு நகராமல் சாற்றை உறிஞ்சும் சோம்பேறி.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள்.

"எங்க அப்பா பார்த்தா தப்பே இருக்காது அத்தை" என்றாள் மகள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றடி தள்ளி நின்றபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"செதில் பூச்சி. மருந்துக்கெல்லாம் அடங்காது. வேரோட எடுத்து எரிச்சிடுங்க. இல்லன்னா தெருவுக்கே பரவிடும்."

சம்பந்தியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மருமகளைப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி" என்றாள்.

அலுவலகத்தில் காட்டலாமென்று ஒரு குச்சியை ஒடித்து எடுத்து வந்தார். அது மேசை இழுப்பறையில் கிடந்தது. புதன்கிழமை மதியம் லென்ஸை வைத்துப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு ஓட்டிலும் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை. கண்ணுக்குத் தெரியாத குளவி ஒன்று உள்ளே முட்டையிட்டு, அதன் குஞ்சு பூச்சியைத் தின்றுவிட்டு வெளியேறிய வழி அது. நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது. எல்லாம் வெறும் ஓடு. செடி தானாகவே பிழைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமே இதுதான்: "சுரண்டிப் பாரு. ஈரமா வந்தா உயிரோட இருக்கு, பொடியா வந்தா செத்தது. அப்புறம் வாயைத் திற." படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சரியாகப் போயிற்று. இஸ்திரி போட்ட சட்டை கசங்குமென்று அன்று குனியக்கூட இல்லை.

மகளுக்குப் போன் செய்தார்.

"திங்கட்கிழமையே எரிச்சாச்சுப்பா. தெரு முழுக்க உங்க பேச்சுதான்!"

யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அப்படி நினைத்தது இன்னும் கேவலமாக இருந்தது. வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டார்.

வாசல் மொட்டையாக இருந்தது. சம்பந்தியம்மாள் குழிகளை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சம்பந்தி, உள்ளே உட்காருங்க."

"உட்கார வரலைங்க. பெரிய தப்புப் பண்ணிட்டேன். பூச்சி எல்லாம் ஏற்கெனவே செத்துப் போயிருந்துச்சு. செடி பிழைச்சிருக்கும். நான் கிட்ட போய்ப் பார்க்கவே இல்லை."

அவள் மண்ணை மிதித்துச் சமன் செய்தாள்.

"தெரியும். நீங்க வந்த அன்னைக்குக் காலையிலயே நகத்தால சுரண்டினேன், பொடியாக் கொட்டுச்சு. புதுத் துளிரும் விட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா எரிச்சீங்க?"

"உங்க பொண்ணு உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? செடி வேற வச்சுக்கலாம்."

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அந்த நேரம் பார்த்து மகள் வேலை முடிந்து கேட்டைத் திறந்தாள்.

"அப்பா! பக்கத்து வீட்டுலயும் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க!"

வேண்டாமென்று சம்பந்தியம்மாள் கண்ணைக் காட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா தப்பாச் சொல்லிட்டேன்மா. நல்ல செடியை எரிக்க வச்சுட்டேன். அத்தைக்கு அப்பவே தெரியும். உனக்காகத்தான் வாயைத் திறக்கலை."

மகள் பையைக் கீழே போட்டுவிட்டு, குழியருகே போய் மாமியாரின் மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.