நானூற்று முப்பது இலை

சீதாலக்ஷ்மிக்கும் அவள் அண்ணன் நாகேஸ்வரனுக்கும் ஆகாது என்பது கரமனை அக்ரஹாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் கல்லூரியில் கணிதப் பேராசிரியை. அவர் செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பகை பழையது. அவர் ப்ரீடிகிரியில் கணக்கில் தோற்ற வருஷம், எட்டாம் வகுப்பில் இருந்த தங்கை அதே கேள்வித்தாளை எடுத்து வைத்துப் பாதிக்கு மேல் விடை எழுதி, அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அண்ணனுக்கு உதவ வேண்டும் என்று காட்டவில்லை. அப்பா அன்றைக்கு அவரைப் பார்த்த பார்வை அவருக்குப் புண்ணாகவே தங்கிவிட்டது. அவளோ அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு அலைந்தாள்.

ஆனாலும் குடும்பத்தில் ஒரு கல்யாணம், ஒரு சஷ்டியப்தபூர்த்தி என்று வந்தால் சமையல்காரரிடம் ஆளெண்ணிக்கை சொல்வது நாகேஸ்வரன்தான். அது சாதாரண வேலை இல்லை. இந்தத் தெருக்களில் யாரும் உள்ள எண்ணிக்கையைச் சொல்வதில்லை. அறுநூறு பேர் வருவார்கள் என்றால் வீட்டுக்காரர் ஐந்நூறு என்பார், சமையல்காரர் எப்படியும் கூட்டுவார் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்காரர் குறைத்துத்தான் சொல்லியிருப்பார் என்று சமையல்காரருக்கும் தெரியும், அவரும் கூட்டத்தான் கூட்டுவார். இதை மட்டும் வாய்விட்டுப் பேசக் கூடாது. ‘நான் சொன்னதுக்கு மேல் வேண்டாம்’ என்று சமையல்காரரிடம் சொல்வது அவரைத் திருடன் என்று கூப்பிடுவதற்குச் சமம். அடுத்த நிமிஷம் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

நாகேஸ்வரன் எல்லாவற்றையும் குத்துமதிப்பாகச் சொல்வார். அவர் மகன் கல்யாணத்தில் மதிப்பு பிசகி, மூன்று அண்டா சாம்பாரைத் தென்னை மரத்தடியில் கொட்டினார்கள். வந்திருந்த உறவுக்காரர்கள் நடுவில் சீதாலக்ஷ்மி, “ப்ரீடிகிரிலயே தோத்தாச்சு, இப்பவா ஜெயிக்கப்போறார்?” என்று கேட்டாள். சிரித்தவர்கள் நிறையப் பேர். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் ஏறினால்கூட ஒருவர் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

இப்போது அவள் மகள் ஸ்நேகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோட்டைக்ககத்தில். மாப்பிள்ளையின் அம்மா திவ்யலட்சுமி ஒரு வார்த்தையை நாற்பது வருஷம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிற மனுஷி என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வீட்டுக்குப் பெண் போவதால், விருந்தில் ஒரு குறை வைத்தாலும் அது ஸ்நேகாவின் தலையில்தான் விடியும். நாகேஸ்வரன் வீம்பை விட்டு வந்து, எண்ணிக்கை நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். தாய்மாமன் உரிமை என்றும் சொன்னார். சீதாலக்ஷ்மி உட்காரக்கூடச் சொல்லாமல் வாசலிலேயே வைத்து, தென்னை மரத்துக்கு இந்த வருஷம் சாம்பார் வேண்டாமாம் என்று அனுப்பிவிட்டாள். அவள் கணவர் ஸ்ரீநிவாஸ் வழக்கம்போலப் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. சமையல்காரர் அனந்தசேஷன் நாற்பது வருஷமாக இங்கே எல்லாக் கல்யாணத்துக்கும் சமைப்பவர். சாமானும் இலையும் அவரே கொண்டுவருவார். எத்தனை பேருக்குச் சமைக்கிறாரோ அத்தனை இலை வரும். எதைக் கண்டாலும் எண்ணுகிற வியாதி உள்ள சீதாலக்ஷ்மி, போன விசேஷங்களில் எல்லாம் வந்திறங்கிய இலைக்கட்டுகளை எண்ணி வைத்திருந்தாள். அண்ணன் சொன்ன எண்ணிக்கைகளோ ஊருக்கே தெரியும், அவரே பெருமை அடித்துக்கொள்வார். முந்நூற்றைம்பது சொன்னபோது ஐந்நூறு இலை வந்தது. ஐந்நூற்றுப்பத்து சொன்னபோது எழுநூறு. சொன்னது நூற்றறுபது கூடினால் இலை இருநூறு கூடுகிறது. அப்படியென்றால் மனுஷர் கால்பங்கு ஏற்றுகிறார். ஆனால் முந்நூற்றைம்பதுக்குக் கால்பங்கு ஏற்றினால் நானூற்று முப்பத்தேழரைதான் வரும். மிச்சம் அறுபத்திரண்டரை எங்கிருந்து வந்தது?

அந்த அரையில்தான் அவள் அவரைப் பிடித்தாள். வெறும் ஐம்பதைக் கடைசியில் கூட்டியிருந்தால் மிச்சம் ஐம்பதாக இருந்திருக்கும். அழையாமல் வருகிறவர்களுக்கென்று ஐம்பதை முதலில் கூட்டி, அப்புறம் மொத்தத்துக்கும் கால்பங்கு ஏற்றுகிறார். ஐம்பதுக்கும் சேர்த்துக் கால் ஏறியதால் அறுபத்திரண்டரை. ஓர் எண்ணை வாங்கி இன்னோர் எண்ணாக்கித் தருவதற்குக் கணக்கில் சார்பு என்று பெயர். ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்குள் போடுவதுதான் சார்புகளின் சேர்ப்பு. அதில் வரிசை முக்கியம். பருப்பை வேகவைத்துத் தாளிப்பதும் தாளித்துவிட்டு வேகவைப்பதும் ஒன்றில்லை. அவிழ்க்கும்போது பின்னால் போட்ட முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். வரப்போகிறவர்கள் அறுநூறு. கடைசியாக ஏற்றிய கால்பங்கை முதலில் இறக்கினால் நானூற்றெண்பது. அதிலிருந்து ஐம்பதைக் கழித்தால் நானூற்று முப்பது. அண்ணன் இதைப் போட்டிருந்தால் முதலில் ஐம்பதைக் கழித்துவிட்டு நானூற்று நாற்பதில் போய் நின்றிருப்பார் என்று நினைத்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் பெயரைச் சொல்லாமல் இதையே கரும்பலகையில் போட்டாள். பிள்ளைகள் ரசித்தார்கள். ரெம்யா என்ற பெண் மட்டும் எழுந்து, அந்தச் சமையல்காரர் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி கூட்டினால் என்ன செய்வது டீச்சர் என்று மலையாளத்தில் கேட்டாள். சீதாலக்ஷ்மிக்குக் கோபம் வந்தது. ஒரே எண்ணை உள்ளே போட்டால் ஒரே விடைதான் வெளியே வரும், வராவிட்டால் அதற்குச் சார்பு என்றே பெயரில்லை, முதல் பாடத்தையே படிக்காமல் கேள்வி கேட்க வந்துவிட்டாயா என்று நிற்க வைத்துக் கேட்டாள். அந்தப் பெண் முகம் சுண்டி உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் அனந்தசேஷனை வரவழைத்து, கண்ணை இமைக்காமல், நானூற்று முப்பது பேர் என்றாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். “நானூத்தி முப்பதுதானே டீச்சர்? சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஸ்நேகா, ஏம்மா குறைச்சுச் சொல்கிறாய் என்று கேட்டபோது, கணக்கு முழுவதையும் அரைமணி நேரம் விளக்கினாள். மாமா பார்த்து மூக்கில் விரல் வைக்கப்போகிறார் என்று முடித்தாள்.

முகூர்த்தத்தன்று காலையிலிருந்து அவள் மணையைவிட்டு நகர முடியவில்லை. இலைக்கட்டு வந்ததையும் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை. தாலி கட்டியாயிற்று, முதல் பந்தி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும், திவ்யலட்சுமியும், சடங்குகளுக்காகக் காத்திருந்த நெருங்கிய சொந்தங்களும் உட்கார்ந்தார்கள். முதல் வரிசைக்குத்தான் வாழையிலை இருந்தது. மற்றவர்களுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிவந்த காகித இலையை விரித்தார்கள். உப்பேரியும் ஊறுகாயும் வந்தன. அப்புறம் ஒன்றும் வரவில்லை. கால்மணி நேரம் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திவ்யலட்சுமி இலையில் இருந்த உப்பை விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சீதாலக்ஷ்மி சமையற்கட்டுக்கு ஓடினாள். அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. ஓலன் இல்லை, எரிசேரி இல்லை, பிரதமன் உருளியை யாரோ வழித்துக்கொண்டிருந்தார்கள். அனந்தசேஷன் புதிதாக அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு வியர்வையோடு நின்றார். அவர் முகத்தில் இருந்தது பயமில்லை, கொலைவெறி.

“எத்தனை பேருக்குச் சமைச்சேள் மாமா?” என்று கத்தினாள்.

“நீங்க சொன்ன நானூத்தி முப்பதுக்கு.”

“நீங்க கூட்டல்லையா? எப்பவும் அம்பதைக் கூட்டிக் கால் ஏத்துவேளே, இப்ப மட்டும் என்ன வந்தது?”

அவர் கையிலிருந்த சட்டுவத்தை வைத்தார். “நாப்பது வருஷமா நேக்கு எல்லாரும் பொய்யாக்கும் சொன்னா. அதனால கூட்டினேன். நீங்க கணக்கு டீச்சர், உள்ளதை உள்ளபடி சொல்றவான்னு நெனச்சேன். சொன்னதுக்கு மேல ஒரு எலை கொண்டுவந்தா உங்களை அவமானப்படுத்தினாப்பல ஆகும்னு கொண்டுவரல்லை. நீங்களும் பொய்தானா சொன்னேள்?”

சீதாலக்ஷ்மிக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷக் கணக்கிலும் எண்ணிக்கையைச் சொன்ன வாய் ஒரே வாய், அண்ணன் வாய். எண் மட்டும்தான் உள்ளே போகிறது என்று நினைத்துவிட்டாள். யார் சொல்கிறார்கள் என்பதும் கூடவே உள்ளே போயிருக்கிறது. நிற்கவைத்து அவமானப்படுத்திய பெண் கேட்டது இதைத்தான். தன் மேல் அவளுக்கு வந்த வெறுப்பு அண்ணன் மேல் இத்தனை வருஷம் வைத்திருந்ததைவிடக் கூர்மையாக இருந்தது.

திரும்பினால், கதவில் நாகேஸ்வரன் சாய்ந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருக்கும்.

அதற்குள் கூடத்தில் திவ்யலட்சுமி எழுந்துவிட்டாள். இலைக்கு முன்னாலிருந்து சம்பந்தி எழுந்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பந்தியே எழுந்திருக்கத் தயாராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நேராகச் சமையற்கட்டு வாசலுக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“எத்தனை பேருன்னு உங்ககிட்ட சொன்னா?” என்று அனந்தசேஷனைக் கேட்டாள்.

அறுநூறு என்று சொன்னால் அவர் பேர் இன்றோடு போய்விடும். அவர் ஏன் சொல்ல வேண்டும்? “நானூத்தி முப்பது” என்றார்.

“அறுநூறு பேரை விளிச்சுட்டு நானூத்தி முப்பது பேருக்குச் சாப்பாடா? எங்காத்துக்காராளை இலைக்கு முன்னால உக்கார்த்திப் பட்டினி போடறதுக்கா? யாராக்கும் சொன்னது?”

அனந்தசேஷன் கண்ணைச் சீதாலக்ஷ்மி பக்கம் திருப்பினார். அவள் பின்னால், மணக்கோலத்தில் மகள் நின்றிருந்தாள். எழுந்து பின்னாலேயே வந்திருக்கிறாள். ஸ்நேகாவுக்கு எல்லாம் தெரியும், அரைமணி நேரம் கேட்டவள் அல்லவா? பெண்ணின் அம்மாவே வேண்டுமென்று குறைத்துச் சொன்னாள் என்று தெரிந்தால், நாளைக்கு ஒரு தோசை குறைந்தாலும் கோட்டைக்ககத்து வீட்டில் இந்த நானூற்று முப்பது வந்து நிற்கும்.

“நான்தான் சொன்னேன்” என்றார் நாகேஸ்வரன்.

அவர் முன்னால் வந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் எப்போதும் எண்ணிக்கை சொல்வது நான், இந்தத் தடவை கை பிசகிவிட்டது, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். திவ்யலட்சுமி அவரைப் பொறுத்துக்கொள்ளவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டாள். கவர்மென்ட் உத்தியோகம் பார்த்த லட்சணமும் இதுதானா என்று கேட்டாள். தாய்மாமன் என்று பேருக்கு ஒருத்தர் இல்லாமலிருந்தால் பெண்ணுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்றாள். அறுபது வயது மனுஷர் நூறு பேர் பார்க்கத் தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டார்.

சோறு வெந்துவிட்டது, ரசம் கூட்டியாயிற்று என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. திவ்யலட்சுமி மூச்சு வாங்க நிறுத்தியபோது நாகேஸ்வரன் தங்கையைக் கடந்து போகிற சாக்கில் அவள் காதருகே குனிந்தார்.

“குழந்தைக்காகவாக்கும். உனக்காகன்னு நெனச்சுடாதே. இனி உன் ஆயுசு முழுக்க என் முன்னால வாயைத் திறக்க மாட்டாய்.”

அவருடைய கருணையை வாங்குவதைவிட ஊர் முழுக்கக் காறித் துப்பினாலும் தேவலை என்று அவளுக்கு இருந்தது. இல்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். தவறான விடையைப் பலகையில் ஒரு நிமிஷம் விட்டுவைக்காதவள். அப்போதுதான் ஸ்நேகாவைப் பார்த்தாள். மகள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று கெஞ்சவில்லை, கூடாது என்று கட்டளையிட்டாள். சீதாலக்ஷ்மி வாயை மூடிக்கொண்டாள்.

திவ்யலட்சுமி அவள் பக்கம் திரும்பினாள். கோபம் அடங்கி, இப்போது ஒருவித இரக்கம் வந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மேல எனக்கு ஒரு தேஷ்யமும் இல்லை. அண்ணாக்காரர் பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவேள்? ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டேளா. நீங்க மாத்ஸ் ப்ரொஃபசராச்சே. எண்ணிக்கையை நீங்களே சொல்லியிருந்தா இப்படி வந்திருக்குமோ?”

அனந்தசேஷன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். போய்க்கொண்டிருந்த நாகேஸ்வரன் நின்றார், திரும்பவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார். ஸ்நேகாவும் காத்திருந்தாள்.

“வந்திருக்காது” என்றாள் சீதாலக்ஷ்மி.