நூல் கடிக்கும் பல்

“தையல் வேலையாங்க ஐயா?”

வாயைத் திறந்த உடனேயே பல் டாக்டர் கேட்டுவிட்டார். தையல்காரர் வாய்க்குள் கருவி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். மேல்வரிசை முன்பல்லின் விளிம்பில் ஒரு பள்ளம். நாற்பத்திரண்டு வருடமாக நூலைக் கடித்து அறுத்த இடம். கத்தரி கழுத்திலேயேதான் தொங்கும். கை அதைத் தேடுவதற்குள் வாய் வேலையை முடித்துவிடும். போன வாரம் ஒரு ஜீன்ஸின் கெட்டி நூலைக் கடித்தபோது, பள்ளத்திலிருந்து மேலே பல் விரிசல் விட்டது. அன்றிலிருந்து தண்ணீர் குடித்தாலும் உச்சந்தலைவரை இழுக்கிறது.

“எடுத்துடலாம்னா எண்ணூறு. காப்பாத்தணும்னா ரூட் கெனால், கேப் எல்லாம் சேர்த்து பதினோராயிரம் ஆகும்.”

“இன்சூரன்ஸ் கார்டு இருக்கும்மா.”

“அதுல பல்லு வராதுங்க.”

“ஏன், பல்லு உடம்புல சேர்த்தி இல்லையா?”

டாக்டர் சிரிக்கவில்லை. தினமும் யாராவது கேட்பார்கள் போல. இரண்டு தொகையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். “ரொம்ப நாள் போட்டுடாதீங்க ஐயா.”

வீட்டில் மனைவி சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொன்னாங்க.”

“அதச் சொல்ல ரெண்டு மணி நேரமா?”

அவள் டீ போட எழுந்து போனாள். அவர் சீட்டை நாலாக மடித்து, கோட்டு பட்டன்கள் கிடக்கும் டப்பாவைத் திறந்தார். இப்போதெல்லாம் யாரும் கோட்டு தைக்க வருவதில்லை. அந்த டப்பாவை யாரும் திறப்பதுமில்லை. பட்டன்களுக்கு அடியில் ஏற்கெனவே ஒரு சீட்டு இருந்தது. அதே ஆஸ்பத்திரி. மேலே மனைவியின் பெயர், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. நாலு கடைவாய்ப் பற்கள், காப்பாற்ற முப்பதாயிரம். அது கோடு போட்டு அடிக்கப்பட்டு, பிடுங்குவதற்கு ஆன தொகை கீழே எழுதப்பட்டிருந்தது.

தங்கச்சி வீட்டுக்கு நாலு நாள் போய் வருகிறேன் என்று அவள் கிளம்பியது அந்த மாதம்தான். கன்னம் வீங்கித் திரும்பியவள், குளவி கொட்டிவிட்டது என்றாள். அவர் களிம்பு வாங்கி வந்து தடவிவிட்டார். அதற்குப் பிறகுதான் ரொட்டியை டீயில் ஊறவைக்கத் தொடங்கினாள். ‘ரொட்டியைக் குளிப்பாட்டாம உள்ள விடமாட்டியா?’ என்று எத்தனை நாள் கேலி செய்திருப்பார்.

டீயோடு வந்தவள் திறந்திருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு மெஷின் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு சீட்டுகளை.

“குளவியா கொட்டுச்சு?” என்றார்.

“உங்களுக்கு மட்டும் உப்புத் தண்ணியா?”

டீயில் ஆடை படிந்தது.

“எண்ணூறுக்கே முடிச்சிடறேன்,” என்றார். “முன்னாடி ஓட்டை தெரிஞ்சா என்ன, எனக்கென்ன பொண்ணா பாக்கப் போறாங்க?”

“பாத்தாலும் எவ வருவா?” என்றாள் அவள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் இருபது பள்ளிச் சீருடைகள் முடிய வேண்டும். அவர் மெஷினை மிதித்தார். ஒரு சட்டைக் கை முடிந்தது. துணியை இழுத்து, பழக்கத்தில் நூலை வாயருகே கொண்டு போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, தன் முன்பல்லால் அந்த நூலைக் கடித்து அறுத்தாள். நீல நூல் துணுக்கு ஒன்று அவள் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.